பட்டாவில் யார் பெயர்? நம்ம சேலத்து மண்ணின் கதை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரணும்னு கூட்டத்தில் கேட்டாங்க. வரலாறு என்றால் ராஜா, சண்டை, கோட்டை என்றுதான் நாம பள்ளிக்கூடத்தில் படித்தோம். நான் எழுதப் போவது ஒரு காகிதத்தின் வரலாறு. நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பாங்களே, அந்தப் பட்டாவின் வரலாறு.

ஒரு நாடு எதனால் செழிக்குது? மழை பெய்யணும், ஜனங்க உழைக்கணும் என்று சொல்லுவோம். இது ரெண்டும் இருந்தும் ஏழையாகவே கிடந்த நாடுகள் உண்டு. உழைக்கிறவங்களுக்கு, "இது என்னுது, இதோட பலன் எனக்குத்தான் வரும், யாரும் பிடுங்க முடியாது" என்ற உறுதி வேணும். அந்த உறுதி இருந்தால்தான் கல் பொறுக்குவாங்க, வரப்பு போடுவாங்க, கிணறு வெட்டுவாங்க, மரம் நடுவாங்க. இதை நான் சும்மா சொல்லவில்லை. நம்ம சேலம் மாவட்டத்தின் கதையே இதுக்குச் சாட்சி.

1792-ல் நடந்தது

1792-ம் வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி திப்பு சுல்தானிடம் இருந்து சேலமும் பாரமகாலும் ஆங்கிலக் கம்பெனி கைக்குப் போனது. பாரமகால் என்பது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். இங்கே நிர்வாகம் பார்க்க கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவர் வந்தார். அவருக்குத் துணையாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரைக்கும் ஏழு வருஷம் மன்றோ இந்தப் பக்கம் ஊர் ஊராகச் சுற்றினார்.

அதுவரைக்கும் வரி வசூல் பெரும்பாலும் இடையில் இருக்கிற ஆள் மூலமாகத்தான் நடந்தது. குத்தகை எடுத்தவர், ஊர்ப் பெரியவர் என்று யாராவது ஒருத்தர் மொத்தமாக வாங்கி மேலே கட்டுவார். உழுகிறவர் எவ்வளவு கொடுத்தார், மேலே எவ்வளவு போச்சு என்பது யாருக்கும் தெரியாது. ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவரோடும் நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறையை இங்கே நடத்திப் பார்த்தார்கள். உழவரைக் குறிக்கிற 'ரயத்து' என்ற சொல்லில் இருந்து அதற்கு ரயத்துவாரி என்று பெயர் வந்தது. எந்த நிலம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தீர்வை என்று எழுதி உழவர் பெயரில் கொடுத்த சீட்டுதான் பட்டா. வருஷா வருஷம் அந்தக் கணக்கைப் பார்த்து முடிப்பதுதான் ஜமாபந்தி. இன்றைக்கும் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்குதே, அதோட வேர் அங்கேதான் இருக்கு.

கம்பெனி நம்ம மேல் இரக்கப்பட்டு இதைச் செய்யவில்லை. வரி சரியாக வரணும், அதுதான் அவர்கள் நோக்கம். ஆனாலும் உழுகிறவர் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறியது பெரிய மாற்றம். பிற்பாடு மன்றோ 1820-ல் சென்னை மாகாணத்துக்கே கவர்னராக வந்தார். நம்ம சேலம், தர்மபுரி மண்ணில் முளைத்த முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது.

மிட்டா காலமும் பஞ்சமும்

நடுவில் ஒரு தடுமாற்றம் நடந்தது. மன்றோ இங்கிருந்து போன பிறகு, 1802-க்கு அப்புறம், மேலிடத்து உத்தரவுப்படி நம்ம மாவட்டத்து நிலங்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டாங்க. ஏலம் எடுத்தவர் மிட்டாதார். சேலம், நாமக்கல் பக்கம் மிட்டாதார் என்ற பேரை நம்ம தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். உழவருக்கும் சர்க்காருக்கும் நடுவில் மறுபடியும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். நிறைய மிட்டாக்கள் பாக்கி கட்ட முடியாமல் நொடித்துப் போய், திரும்பவும் சர்க்கார் கைக்கே வந்தன. மிச்சம் இருந்ததை ஒழிக்கச் சுதந்திரம் வரணும் என்று ஆயிற்று. 1948-ல் வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்தான் அதுக்கு முடிவு கட்டியது.

பட்டா இருந்தவங்க மட்டும் சுகமாக இருந்தாங்களா என்றால் அதுவும் இல்லீங்க. தீர்வை அதிகம். விளைஞ்சாலும் கட்டணும், காய்ஞ்சாலும் கட்டணும். கையில் பணம் இல்லாதபோது வட்டிக்காரர்தான் கதி. 1876 முதல் 1878 வரை வந்த பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகவும் அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் பழைய பெரிய சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்துக்கு மேல் ஜனங்க இருந்தாங்க. 1881 கணக்கெடுப்பில் அது சுமார் 16 லட்சமாகக் குறைந்து போனது. பத்து வருஷத்தில் ஜனத்தொகை கூடாமல் இப்படிக் குறைந்தது என்றால் எத்தனை குடும்பம் அழிந்திருக்கும், எத்தனை பேர் ஊரை விட்டுப் போயிருப்பாங்க என்று யோசித்துப் பாருங்க.

இதில் இருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். பெயரில் உரிமை வேணும். அந்த உரிமையை நசுக்காத வரியும், அவசரத்துக்கு நியாயமான கடனும் கூடவே வேணும். ஒன்று மட்டும் இருந்து இன்னொன்று இல்லை என்றால் வளம் வராது.

சீனாவில் ஒரு கிராமம்

இது நம்ம ஊருக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை. சீனாவில் அன்ஹுய் மாகாணத்தில் சியாவோகாங் என்று ஒரு கிராமம். அங்கே நிலம் எல்லாம் கூட்டுப் பண்ணை. எவ்வளவு உழைத்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். யாருக்கும் உழைக்க மனசு வரவில்லை, ஊரே பிச்சை எடுத்தது. 1978-ல் 18 குடும்பத்தார் ராத்திரியில் ரகசியமாகக் கூடி, நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு, ஒரு தாளில் கைநாட்டு வைத்தாங்க. சர்க்காருக்கு உண்டானதைக் கொடுத்து விட்டு மிச்சம் அவரவருக்கு. இதனால் யாராவது ஜெயிலுக்குப் போனால் அவங்க பிள்ளைகளை 18 வயசு வரைக்கும் மற்றவங்க வளர்க்கணும் என்றும் அந்தத் தாளிலேயே எழுதினாங்க.

அடுத்த வருஷம் அதே மண், அதே ஆட்கள், விளைச்சல் மட்டும் பல மடங்கு. அதைப் பார்த்து அந்த நாட்டு அரசாங்கமே முறையை மாற்றிக்கொண்டது. சீனாவில் நிலம் இன்றைக்கும் தனியார் சொத்து இல்லை, பயிர் செய்கிற உரிமை மட்டும்தான் குடும்பத்துக்கு. அந்த அளவு உறுதிக்கே கோடிக்கணக்கான ஜனங்க பசியில் இருந்து மீண்டாங்க.

இந்தக் கதையில் நாம எங்கே?

இவ்வளவு நேரம் உழவர் உழவர் என்று எழுதினேன். அந்தப் பட்டாவில் எல்லாம் யார் பேர் இருந்திருக்கும்? அப்பன் பேர், மகன் பேர், பேரன் பேர். களை எடுத்தது, நாற்று நட்டது, கடலக்காய் பிடுங்கினது, ஆடு மேய்த்தது, மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட்டது நம்ம பாட்டிமார். சர்க்கார் கணக்கில் அவங்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

அதைக் கேட்டு முதலில் குரல் கொடுத்தவங்களை நாம மறக்கக் கூடாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேணும் என்று தீர்மானம் போட்டாங்க. 1937-ல் வந்த சட்டம் விதவைக்கு ஒரு பங்கு கொடுத்தது, ஆனால் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்க மட்டும்தான், விற்கவோ எழுதி வைக்கவோ உரிமை இல்லை. டாக்டர் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றப் பாடுபட்டார். அது நடக்காமல் இழுத்தடிக்கப்பட்டதால் 1951-ல் மந்திரி பதவியையே விட்டு விலகினார். பிறகு 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் இறந்து போனால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு என்று ஆனது. பெண் கையில் வந்த சொத்து அவளுக்கே முழுச் சொந்தம் என்றும் ஆனது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலே வரும் உரிமை ஆண் பிள்ளைக்கு மட்டும்தான் என்பது மாறவில்லை. கிராமத்தில் பெரும்பாலும் இருப்பதே பூர்வீகக் காடுதானே!

கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பங்களில் அவர்கள் மார்க்கச் சட்டப்படி மகன் பங்கில் பாதி மகளுக்கு உண்டு. நம்ம கூட்டமைப்பில் எல்லா மதத்துச் சகோதரிகளும் இருக்கிறதால் இதையும் எழுதுகிறேன்.

1989: ஒரே வருஷத்தில் ரெண்டு விதை

நம்ம எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய வருஷம் 1989. அந்த வருஷம் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தாங்க. 1989 மார்ச் 25 முதல் அது அமல். அந்தத் தேதிக்கு முன்னாடியே கல்யாணம் ஆன பெண்களுக்கு மட்டும் அது கிடையாது.

அதே 1989-ல்தான் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஐ.நா.வின் விவசாய வளர்ச்சி நிதியத்து உதவியோடு சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1991-92-ல் அந்தத் திட்டம் நம்ம சேலத்துக்கும் வந்தது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்க ஆரம்பித்தது. 1997-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மன்றோ பட்டா முறையை நடத்திப் பார்த்த அதே பாரமகால் மண்ணில்தான், ஏறக்குறைய 200 வருஷம் கழித்து நம்ம குழுவும் பிறந்தது என்பது எனக்குப் பெருமையாக இருக்கு.

சொத்துச் சட்டம் மேலும் வளர்ந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க மகளுக்குச் சம உரிமை. கல்யாணத் தேதி கணக்கும் நீங்கியது. மகள் உரிமை கேட்கும்போது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்கணுமா என்ற குழப்பம் இருந்தது. தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே பதிவு செய்து பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது.

எங்க அம்மாவையே எடுத்துக்கோங்க. 1989-க்கு முன்னாடியே கல்யாணம், அதனால் தமிழ்நாட்டுச் சட்டம் அவங்களுக்குப் பொருந்தவில்லை. 2005 சட்டம் வருவதற்குள் மாமன்மார் பத்திரம் போட்டுப் பாகம் பிரித்து முடித்துவிட்டாங்க. பத்து வயசில் இருந்து அந்த மேட்டாங்காட்டில் ராகியும் சோளமும் விதைத்த அம்மாவுக்குச் சட்டம் ரெண்டு தடவையும் கை நழுவிப் போச்சு. அம்மா யாரையும் குறை சொன்னது இல்லை. நான்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

குழு கொடுத்தது, குழு கொடுக்க முடியாதது

குழு நமக்கு என்ன கொடுத்தது? நம்ம பெயரில் முதல் புத்தகம் கொடுத்தது. வங்கிப் பாஸ்புக்கில், தீர்மான நோட்டில் நம்ம பேர், நம்ம கையெழுத்து. பத்திரம் கொண்டா, நகை கொண்டா என்று கேட்காமல், நம்ம நாணயத்தையே ஈடாக வைத்துக் கடன் கிடைச்சது. குழுக் கடனுக்கு 20 லட்சம் ரூபாய் வரைக்கும் வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கந்து வட்டிக்காரர் வாசலில் நின்ற காலம் பல வீட்டில் மாறியது இதனால்தான்.

அந்தக் கடனை வைத்து நாம என்ன செய்தோம்? ஆடு வாங்கினோம், கறவை மாடு வாங்கினோம், தறி போட்டோம். நம்ம மேச்சேரிச் செம்மறி ஆட்டுக்குத் தோல் தரத்தால் வெளியூரிலும் பேர் உண்டு. அதுக்காகவே பொட்டனேரியில் 1978-ல் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்காங்க. ஆடு நம்மது, சரி. ஆடு மேய்கிற காடு யாருது? கொட்டாய் போட்ட இடம் யாருது? கடன் போட்டு இறக்கின போர் யார் நிலத்தில் இருக்கு?

எங்க ஊரில் ஓர் அக்கா. குழுக் கடனில் போர் போட்டு, சொட்டுநீர் இழுத்து, வறண்டு கிடந்த ரெண்டு ஏக்கரைப் பச்சையாக்கினாங்க. பட்டா மாமனார் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தது. வீட்டுக்காரர் திடீரென்று தவறிப் போனார். கூட்டுறவில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா கேட்கிறாங்க. பி.எம். கிசான் பணம் வருஷம் 6,000 ரூபாய், அதுக்கும் நிலம் அவங்க பெயரில் இருக்கணும். தண்ணி இருக்கு, பயிர் இருக்கு, உழைக்க உடம்பு இருக்கு, காகிதத்தில் மட்டும் அந்த அக்கா இல்லை. வாரிசுச் சான்று வாங்கி, கொழுந்தன்மாரோடு பேசிப் பாகம் பிரித்து, தனிப் பட்டா வாங்குவதற்குள் மூணு வருஷம் ஓடிப் போச்சு. அந்த மூணு வருஷமும் ஒரு மரக்கன்றுகூட வைக்கவில்லை. "எனக்கே நிலையாகுமான்னு தெரியாத மண்ணுல எதுக்கு வைக்கணும்?" என்றாங்க. பட்டா கைக்கு வந்த மாசமே 40 தென்னங்கன்று நட்டாங்க.

அந்த ஓர் அக்காவின் மூணு வருஷத்தை, நாடு முழுக்க இருக்கிற பெண்களால் பெருக்கிப் பாருங்க. 2015-16 விவசாயக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் நூறு பண்ணைய நிலங்களில் சுமார் 14-தான் பெண்கள் பொறுப்பில் இருக்கு. காட்டில் வேலை செய்கிறவங்களைக் கணக்கு எடுத்தால் கிட்டத்தட்ட பாதிப் பேர் நாமதான் இருப்போம். உழைக்கிற பாதிப் பேர் கையில் காகிதம் இல்லாத நாடு, ஒத்தைக் காலில் நடக்கிற மாதிரிதான்.

பணம் மட்டும் இல்லை, உடம்புக்கும் இது காவல். கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பினா அகர்வால் என்ற பொருளாதார அறிஞரும் பிரதீப் பாண்டாவும் செய்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. நிலமும் இல்லை, வீடும் இல்லை என்ற பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிவாங்கி இருக்காங்க. ரெண்டும் தன் பெயரில் உள்ள பெண்களில் அது 7 சதவீதம்தான். "போக ஒரு இடம் இருக்கு" என்று தெரிந்தாலே கை ஓங்குகிறவனுக்கு ஒரு யோசனை வரும்.

விடுதலைப் பத்திரம் என்ற கையெழுத்து

சட்டம் கொடுத்ததை நாமளே கையெழுத்துப் போட்டு விடுகிற இடம் ஒன்று இருக்கு. அதுக்குப் பேர் விடுதலைப் பத்திரம். அண்ணன் தம்பி வந்து, "சும்மா ஒரு கையெழுத்துதான், வா பாப்பா, ரிஜிஸ்தர் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்பாங்க. சேலை எடுத்துத் தருவாங்க, சாப்பாடு வாங்கித் தருவாங்க. கையெழுத்துப் போட்ட நிமிஷமே அந்தச் சொத்தில் நமக்கு உள்ள பாத்தியதை முடிந்து போச்சு. பிறகு வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

பங்கு கேட்டால் அம்மா வீடு இல்லாமல் போய்விடுமே, மாமன் சீர் நின்னு போகுமே, நல்லது கெட்டதுக்கு யார் வருவா என்ற பயம் எனக்கும் உண்டு. அது பொய்ப் பயம் இல்லை. உறவும் ஒரு சொத்துதான். அதனால் எல்லோரும் போய் வழக்குப் போடுங்க என்று நான் எழுதமாட்டேன். விட்டுக் கொடுப்பதாக இருந்தாலும் எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து விடணும் என்றுதான் சொல்கிறேன். முழுப் பங்கு வேண்டாம், வீடு கட்ட அஞ்சு சென்ட் என் பெயரில் எழுதிக் கொடுங்க என்று கேட்கலாம். பங்குக்கு உண்டான பணமாகக் கேட்கலாம். பத்திரத்தை வீட்டில் வைத்து ஒருமுறை முழுசாகப் படிக்காமல் கையெழுத்து இல்லை என்று சொல்லலாம். கல்யாணத்தில் போட்ட நகையும் சீரும் பங்குக்கு ஈடு ஆகாது, அது வேற, இது வேற.

நாம செய்யக்கூடியது

பக்கத்து வீட்டுப் பட்டா யார் பெயரில் என்று பார்ப்பதற்கு முன்னாடி நம்ம வீட்டுப் பட்டாவை எடுத்துப் பார்ப்போம். இறந்து போன மாமனார் பெயரிலேயே கிடந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றச் சொல்லுவோம். இ-சேவை மையத்தில் பட்டா, சிட்டா எடுத்துப் பார்க்கலாம். பட்டா மாறுதலுக்கு ஜமாபந்தி நடக்கும்போதும் மனு கொடுக்கலாம். புதிதாக மனை வாங்குகிறவங்க வீட்டுக்காரர் பெயரோடு நம்ம பெயரையும் சேர்க்கச் சொல்லுங்க. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரைக்கும் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு கொடுத்திருக்கு. "உன் பெயரில் போட்டா பணம் மிச்சம்" என்று வீட்டுக்காரரே சொல்கிற காலம் இது, விட்டுடாதீங்க.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாசக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எழுதுகிற தீர்மான நோட்டில் இன்னொரு பத்தி சேர்ப்போம்: "உறுப்பினர் பெயரில் நிலம் அல்லது வீடு உண்டா?" இன்றைக்குப் பல குழுவில் அந்தப் பத்தி காலியாகத்தான் இருக்கும். இருக்கட்டும். விடுதலைப் பத்திரத்துக்குக் கூப்பிட்டால் முதலில் குழுவில் சொல்லணும் என்று ஒரு பழக்கம் வைப்போம். பட்டா மாறுதலுக்கு அலைகிற உறுப்பினரோடு இன்னொரு உறுப்பினர் கூடப் போகணும் என்று முடிவு செய்வோம். தனியாகப் போனால் பெஞ்சில் உட்கார வைப்பாங்க, ரெண்டு பேராகப் போனால் பதில் சொல்லுவாங்க.

நம்ம மகள்களுக்கு இந்தச் சட்டம் பிறக்கும்போதே கிடைச்சிருக்கு. அது அவங்க கைக்குக் காகிதமாக வந்து சேர்வதும், பேச்சோடு நின்று போவதும் நம்ம கையில் இருக்கு. வர்ற ஜமாபந்திக்கு முன்னாடி ஒவ்வொரு குழுவிலும் ஒரு பட்டாவாவது ஒரு சகோதரி பெயருக்கு மாறட்டும். அந்தக் கணக்கை அடுத்த மலரில் யாராவது எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.